குறியெதிர்ப்பையும் பற்றுக் கணக்கும்: கம்பம் பள்ளத்தாக்கின் கடை வாணிகம்

தமிழர் வாணிகம் என்றவுடன் முசிறியும் கொற்கையும் புகாரும் நம் நினைவிற்கு வருகின்றன. யவனர் மரக்கலங்களைப் பற்றியும், பிற்காலத்துத் திசையாயிரத்து ஐந்நூற்றுவர், மணிக்கிராமத்தார் முதலிய வணிகக் குழுவினரைப் பற்றியும் அறிஞர் பலர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். அவ்வாராய்ச்சிகள் போற்றற்குரியன. ஆயினும், ஓர் ஊரின் தெருமுனையில் உழக்குப் பருப்பையும் ஆழாக்கு எண்ணெயையும் அளந்து கொடுத்த கடைக்காரரின் வரலாறு அத்துணை விரிவாக எழுதப்படவில்லை. அவர் கல்வெட்டுப் பொறித்தவர் அல்லர்; கடல் கடந்தவரும் அல்லர். நாட்டின் பெரும்பான்மை மக்கள் தம் வாழ்நாளில் கண்ட வாணிகமோ அவருடைய வாணிகமே.

இன்று அச்சிறுகடை நலிகின்றது என்ற குரல் எங்கும் எழுகின்றது. பேரங்காடிகள் குறைந்த விலைக்கு விற்கின்றன. ஆதலின் மக்கள் ஆங்குச் செல்கின்றனர். சிறுகடை வீழ்கின்றது என்று காரணமும் எளிதாகக் கூறப்படுகின்றது. இக்கூற்று முற்றும் பொய்யன்று. ஆயினும் பாதி மெய்யே. தேனியையும் கம்பம் பள்ளத்தாக்கையும் அடிப்படையாகக் கொண்டு நோக்குமிடத்து, சிறுகடையின் உயிர்நிலை விலையில் இல்லை, கடனில் இருந்தது என்பதும், அக்கடன் முறைக்குச் சங்க இலக்கியத்திலேயே பெயர் உண்டு என்பதும் புலனாகின்றன. அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் நிலத்தின் இயல்பை அறிதல் வேண்டும். தெற்கே கூடலூர் தொடங்கிக் கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியாகத் தேனி நோக்கிச் செல்லும் இப்பள்ளத்தாக்கிற்கு மேற்கே ஏலமலைத் தொடரும் கிழக்கே மேகமலை, வருசநாட்டு மலைகளும் அரண்களாய் நிற்கின்றன. குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு ஆகிய மலைவழிகள் இதனைச் சேரநாட்டோடு இணைக்கின்றன. திருவிதாங்கூர் அரசோடு 1886ஆம் ஆண்டில் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி கட்டப்பெற்ற பெரியாற்று அணையின் நீர் 1895ஆம் ஆண்டில் மலையைக் குடைந்து கிழக்கு நோக்கித் திருப்பப்பட்டது. அதன்பின் இப்பள்ளத்தாக்கின் வயல்கள் இருபோகம் விளையும் நிலங்கள் ஆயின. இன்றும் 14,707 ஏக்கர் என்பது பாசனக் கணக்கில் வழங்கும் அளவு. கீழே நெல், மேலே ஏலமும் மிளகும் காப்பியும் தேயிலையும். கீழே இருப்போர் நாள்தோறும் மலையேறிக் கூலிக்குச் சென்று மீள்கின்றனர். இவ்வமைப்பே இவ்வூர்களின் கடைத்தெருவை உருவாக்கியது.

மலைநிலத்தாரும் வயல்நிலத்தாரும் பொருளை மாற்றிக்கொள்ளும் காட்சி புறநானூற்றின் 33ஆம் பாட்டில் உள்ளது. வேட்டுவன் மான் தசையைக் கொணர்கின்றான். ஆய்மகள் தயிர்ப் பானையோடு வருகின்றாள். உழவர் மனையின் மகளிர் குளத்தின்கீழ் விளைந்த நெல்லை முகந்து கொடுக்கின்றனர். கோவூர்கிழார் இதனைத் தென்மலைத் தலைவனாகிய பாண்டியனின் நாட்டில் நிகழ்வதாகப் பாடியிருத்தல் கருதத்தக்கது. எந்த ஊர் என்று அவர் கூறவில்லை. மலையும் குளமும் ஒருங்கே அமைந்த பாண்டிநாட்டுப் பகுதி ஒன்றன்று. எனினும் கம்பம் பள்ளத்தாக்கைக் கண்டோர்க்கு அப்பாட்டு அயலானதாகத் தோன்றாது. நெய்தல் நிலத்து மகள் உப்பிற்கு ஒத்த அளவு நெல் என்று கூவித் தெருவில் செல்லும் காட்சியை அகநானூற்று 140ஆம் பாட்டில் அம்மூவனார் காட்டுகின்றார்.

இப்பண்டமாற்றினைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இவ்விடத்தோடு நின்றுவிடுகின்றனர். ஆயின், ஓர் ஐயம் எழுகின்றது. அறுவடைக் காலத்தில் குதிரில் நெல் உண்டு, முகந்து கொடுக்கலாம். நெல் தீர்ந்தபின் உப்புக்கு என் செய்தனர்? பசி நாள்தோறும் வருவது; விளைவோ ஆண்டிற்கு ஒருமுறையோ இருமுறையோ வருவது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலத்தைக் கடத்தியது எது?

இதற்கு விடை புறநானூற்று 163ஆம் பாட்டில் கிடைக்கின்றது. குமணனிடம் பரிசில் பெற்று மீண்ட பெருஞ்சித்திரனார் தம் மனைவியை நோக்கிப் பேசுவதாக அமைந்தது அப்பாட்டு. பெற்ற செல்வத்தை யார் யார்க்குக் கொடுக்க வேண்டும் என்று அவர் வரிசைப்படுத்துகின்றார். மனைவியிடம் அன்புடையோர், அவளால் அன்பு செய்யப்படுவோர், அவளுடைய சுற்றத்து மூத்தோர் ஆகியோரைக் கூறியபின், சுற்றத்தின் கொடிய பசி தீருமாறு நெடுநாளாகக் குறியெதிர்ப்பை தந்து உதவியோரைக் கூறுகின்றார். குறியெதிர்ப்பை என்பது ஒரு பொருளை அளவு குறித்து வாங்கிப் பின்னர் அதே அளவு திருப்பிக் கொடுப்பது. ஓர் ஆழாக்கு அரிசி வாங்கினால் ஓர் ஆழாக்கு அரிசி. வட்டி இல்லை, எழுத்தும் இல்லை. அளவையும் ஆளையும் நினைவில் வைத்துக்கொள்ளும் அண்டை வீட்டார் உண்டு, அவ்வளவே. புலவர் வீட்டின் வறுமையைக் கூறும் இப்பாட்டு, அவ்வறுமையில் அவ்வீடு எவ்வாறு உயிர் வாழ்ந்தது என்பதையும் உடன் கூறிவிடுகின்றது.

வள்ளுவர் இச்சொல்லை வேறு நோக்கில் ஆள்கின்றார். ஈகை அதிகாரத்தின் முதற்குறளில் வறியார்க்குக் கொடுப்பதே ஈகை என்றும், ஏனைய கொடைகள் யாவும் குறியெதிர்ப்பையின் தன்மையன என்றும் கூறுகின்றார். அறநூலார் அளவுகோலில் குறியெதிர்ப்பை ஈகைக்குக் கீழ்ப்பட்டது. திரும்பி வருவதை எதிர்நோக்கிக் கொடுப்பது. பெருஞ்சித்திரனார் வரிசையிலோ அது சுற்றத்தின் அன்பை அடுத்து வைக்கப்படுகின்றது. இரண்டும் தவறல்ல. கொடுப்பவன் பக்கம் நின்று நோக்கியவர் வள்ளுவர். வாங்கியவள் பக்கம் நின்று நோக்கியவர் பெருஞ்சித்திரனார். சிறுகடையின் வரலாற்றை எழுதுவோர் இவ்விரு பக்கத்தையும் மறத்தலாகாது.

ஈண்டுச் சில சொற்களைக் கருதுவோம். கடை என்னும் சொல்லுக்கு முடிவு, எல்லை, வாயில் என்னும் பொருள்கள் உண்டு. புரவலன் வாயிலில் நின்று பாடும் துறை கடைநிலை எனப்பட்டது. வீட்டின் வெளிப்புறம் புறங்கடை எனப்பட்டது. வீட்டு வாயிலில் பலகை இட்டுப் பொருள் விற்ற இடமே கடையாயிற்று என்று கொள்ளுதற்கு இடமுண்டு. இன்றும் சிற்றூர்க் கடைகள் பலவற்றில் முன்பக்கம் கடையாகவும் பின்பக்கம் வீடாகவும் இருத்தலைக் காணலாம். கடன் என்னும் சொல் செய்ய வேண்டிய கடமையையும் திருப்பித் தர வேண்டிய பொருளையும் ஒருங்கே குறிக்கும். பற்று என்பது துறவியல் நூல்களில் விடத்தக்க ஆசை. கடைக் கணக்கிலோ வாங்கியவன் பெயரில் எழுதும் தொகை. பற்று அறுதல் வீடு தரும் என்பர். கடையில் பற்று அறுந்தால் அடுப்பு எரியாது என்பதும் இவ்வூர்களில் உண்மையே.

சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகள் அரசர் வழிமுறையையும் மதுரையில் சங்கம் இருந்ததையும் கூறுவன. தமிழ் வரலாற்றிற்கு அவை பெருஞ்செல்வம். எனினும் நிலக்கொடையைக் கூற எழுந்த அவற்றில் உப்பு, புளிக் கடையைத் தேடுதல் பொருந்தாது. ஆதலின் இடைக்காலத்தை விடுத்து, இருபதாம் நூற்றாண்டிற்கு வருகின்றோம்.

1928ஆம் ஆண்டில் மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அது பெயர்த்தெடுக்கப்பட்டுப் போருக்குப்பின் மீண்டும் இடப்பட்டது. அகலப்பாதையாக மாற்றுதற்பொருட்டு 2010ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பட்ட இரயில், 2022இல் தேனிக்கும் 2023இல் போடிக்கும் மீண்டு வந்தது. இவ்வழி கம்பத்திற்குச் செல்லவில்லை என்பது கருதத்தக்கது. தேனியில் இறங்கிய சரக்கு அங்கிருந்து வண்டியிலும் பின்னர் லாரியிலும் பள்ளத்தாக்கின் ஊர்களுக்குச் சென்றது. அல்லிநகரத்தை அடுத்த சிற்றூராகிய தேனி மொத்த வாணிகத்தின் நடுவிடமாகவும் பெயர்பெற்ற வாரச்சந்தையின் இடமாகவும் வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகும். பின்னாளில், 1996ஆம் ஆண்டில் மதுரையினின்று பிரித்துப் புதிய மாவட்டம் அமைக்கப்பட்டபோது, அது தேனியின் பெயரையே பெற்றதும் இவ்வளர்ச்சியின் பயனாகும்.

தேனியில் இன்றும் மேலப்பேட்டை என்ற பெயர் வழங்குகின்றது. பேட்டை என்பது வணிகர் தம் சரக்கையும் வண்டியையும் காப்பாக நிறுத்தும் இடம். திருமங்கலம், விருதுநகர், சிவகாசி முதலிய ஊர்களில் நாடார் குலத்து வணிகர் பேட்டைகளை அமைத்து, விற்ற சரக்கின் அளவிற்கேற்ப மகமை என்னும் பொதுநிதி திரட்டி, அதனைக் கொண்டு பள்ளிகளும் கோயில்களும் நிறுவிய வரலாறு நன்கு அறியப்பட்டது. இப்பள்ளத்தாக்கிலும் உறவின்முறை அமைப்புகள் அவ்வழியில் வளர்ந்தன. கம்பம், உத்தமபாளையம் ஆகிய ஊர்களில் இராவுத்தர் வணிகமும், வேறு பல ஊர்களில் செட்டியார் வணிகமும் சிறந்து விளங்கின. தெருமுனைக் கடைக்காரர் தனி ஆள் அல்லர் என்பதற்காக இவற்றைக் குறிக்கின்றோம். அவருக்குத் தேனியிலோ விருதுநகரிலோ மொத்தக் கடைக்காரர் தவணைக்குச் சரக்குத் தந்தார். அவர் அதனைத் தெருவினர்க்குப் பற்றில் தந்தார். தெருவினர் கூலி பெற்ற நாளில் தந்த பணம் அதே வழியில் மேலேறிச் சென்றது. சரக்கு கீழிறங்குவதும் பணம் மேலேறுவதும் ஒரே சங்கிலியின் இரு செலவுகள்.

பற்று நோட்டின் முறையை இளைய ஆய்வாளர் அறிதல் நன்று. நீண்டு ஒடுங்கிய நோட்டு, வீட்டிற்கொன்று. கடையில் ஒரு பேரேடு. பொருள் வாங்கும்போது இரண்டிலும் ஒரே வரி எழுதப்படும். எம் இளமையில், அந்நோட்டைக் கையில் கொடுத்து அன்னையார் எம்மைக் கடைக்கு அனுப்புவார். 'அண்ணாச்சி, நூறு கடலைப்பருப்பும் உழக்கு நல்லெண்ணெயும்' என்று கேட்டால் போதும். பணம் பற்றிய பேச்சே எழாது. பொட்டலம் கட்டி நூல் சுற்றியபின், 'அப்பாவிற்குக் காய்ச்சல் குறைந்ததா?' என்று அவர் வினவுவார். அவ்வினவல் அன்பும் ஆகும், கணக்கும் ஆகும். காய்ச்சல் நீடித்தால் வேலை இல்லை. வேலை இல்லையெனில் வரவு இல்லை. தம் வாடிக்கையாளர் உடல்நிலையை மருத்துவரினும் கூர்ந்து நோக்கியவர் கடைக்காரரே எனலாம். படியும் வீசையும் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் படிப்படியாக வழக்கொழிந்து கிராமும் லிட்டரும் வந்தன. ஆயினும் உழக்கு என்ற சொல் மட்டும் நாவை விட்டு நீங்கவில்லை.

சிறுகடையை அறச்சாலையாகப் போற்றுவது எம் கருத்தன்று. பற்று வைத்தவருக்கு விலை கேட்கும் உரிமை குறைவு. வேறு கடையில் விலை குறைந்தது என்று அறிந்தும் அவர் அங்குச் செல்ல இயலாது. பழைய பாக்கி காலைக் கட்டும். காத்திருத்தற்குரிய கூலியும் திரும்பி வாராக் கடனின் இழப்பும் பொருளின் விலையில் மறைந்திருந்தன. ஆதலின் ஒழுங்காகத் தீர்த்தவர், தீர்க்காதவருக்காகவும் சேர்த்துக் கொடுத்தார். யாருக்குப் பற்று, யாருக்கு இல்லை என்பதிலும் குலமும் தெருவும் நுழைந்தன. நெல் அறுவடையில் களத்திற்கே வந்து கடனுக்கு ஈடாக நெல்லை அளந்து சென்ற கடைகளும் உண்டு. அவ்வளவையில் நிகழ்ந்த குறை, மிகைகளைப் பற்றிய கதைகளும் உண்டு. கொள்வதை மிகையாகக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறைவாகக் கொடாமலும் வாணிகம் செய்தோரைப் பட்டினப்பாலை பாராட்டுகின்றது. எங்கும் அவ்வாறே நிகழ்ந்திருப்பின் அதனைத் தனித்துப் பாராட்ட வேண்டிய தேவை புலவர்க்கு எழுந்திராது.

இம்முறையில் முதற்பெரு மாற்றத்தைச் செய்தது பேரங்காடி அன்று, நியாயவிலைக் கடையே. தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டு செப்டம்பரில் அரிசி கிலோ ஒரு ரூபாய்க்கு வழங்கப்பட்டது. 2011ஆம் ஆண்டு ஜூன் முதல் விலையில்லாமல் வழங்கப்படுகின்றது. கூலி வீட்டின் பற்றுக் கணக்கில் அரிசியே பெருந்தொகை. அது கணக்கினின்று நீங்கியதும் பசியின் அச்சம் குறைந்தது. அதனோடு கடைக்காரரின் பிடியும் தளர்ந்தது. இது வரவேற்கத்தக்க விடுதலையே என்பதில் எமக்கு ஐயமில்லை. மக்கள் பலசரக்கை எங்கே வாங்குவது என்று முதன்முறையாகத் தேர்ந்தெடுக்கும் நிலையை அடைந்தனர்.

அக்காலத்திலேயே தேனியிலும் கம்பத்திலும் போடியிலும் பல்பொருள் அங்காடிகள் பெருகின. 2012ஆம் ஆண்டு செப்டம்பரில் நடுவண் அரசு பல்பொருள் சில்லறை வாணிகத்தில் 51 விழுக்காடு வரை அயல்நாட்டு முதலீட்டை ஏற்றபோது, வணிகர் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. தமிழக அரசும் இசையவில்லை. அயல்நாட்டார் வாராமலே பேரங்காடி வந்துவிட்டது என்பதே இவ்வட்டாரத்தின் அனுபவம். அவற்றுள் பல உள்ளூர் வணிகக் குடும்பங்களால் தொடங்கப்பட்டவை. நிறுவனங்களிடம் நேரே ரொக்கத்திற்கு வாங்குவதால் கழிவு கிடைக்கின்றது. அதனால் விலை குறைகின்றது. பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கலாம், விலை எழுதியிருக்கின்றது, யாரும் வீட்டு நிலையை வினவுவதில்லை. நோட்டை நீட்டிக் கூசி நின்ற பெண்ணுக்கு அவ்வினவாமை எத்துணை ஆறுதல் என்பதை ஆடவராகிய ஆராய்ச்சியாளர் எளிதில் உணர்வதில்லை.

ஈண்டுத்தான் நலிவின் உண்மைக் காரணம் தோன்றுகின்றது. மக்கள் சிறுகடையை விட்டு நீங்கவில்லை. தம் வாங்குதலை இரண்டாகப் பிரித்துக்கொண்டனர். கூலி பெற்ற நாளிலும் ஏலக்காய் பறிப்பு மிகுந்த திங்களிலும் ரொக்கம் பேரங்காடிக்குச் செல்கின்றது. கை வறண்ட நாளில் நோட்டு சிறுகடைக்கு வருகின்றது. முன்னர் இரண்டும் ஒரே கடையில் நிகழ்ந்தமையால் நல்ல நாளின் வரவு கெட்ட நாளின் பற்றைத் தாங்கியது. இன்று நல்ல நாள் ஒருவருக்கும் கெட்ட நாள் மற்றொருவருக்கும் உரியதாயிற்று. கடன் மட்டும் எஞ்சிய கடை மொத்தக் கடைக்காரருக்குத் தவணை கட்ட இயலாது. தவணை தவறினால் சரக்கு வாராது. பலகைகள் வெறுமையாகின்றன, வெறுமையைக் கண்டு மேலும் சிலர் நீங்குகின்றனர். விலைப் போட்டியால் வீழ்ந்ததாகத் தோன்றுவது இவ்வாறு வீழ்ந்ததே.

சிறுகடையின் பயன் வழி அடைபட்ட நாட்களில் வெளிப்பட்டது. 2011ஆம் ஆண்டு டிசம்பரில் முல்லைப்பெரியாற்று அணை பற்றிய பூசல் முற்றியபோது குமுளி வழி அடைபட்டது. மலைத்தோட்டங்களுக்குச் செல்வோர் செல்ல இயலாமல் வீட்டில் இருந்தனர். 2016ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதனவாயின. கூலி கொடுப்போரிடமும் சில்லறை இல்லை. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் நோய்த்தொற்றின் காரணமாக எல்லை மீண்டும் மூடப்பட்டது. மலையேறும் ஜீப்புகள் நின்றன. இம்மூன்று காலத்திலும் கூலி நின்றது, பசி நிற்கவில்லை. பேரங்காடியின் கதவு திறந்திருந்தாலும் பணமில்லாதவர்க்கு அது சுவரே. அப்போது நோட்டைத் தேடி எடுத்தவர் பலர். சில ஆண்டுகளாக அக்கடைப் பக்கம் திரும்பாதவரும் அவருள் இருந்தனர். யாம் உசாவிய கடைக்காரருள் ஒருவர், 'முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல வரவில்லை' என்றார். மற்றொருவர், 'இரண்டு வாரம் கொடுத்தேன், அதற்குமேல் என்னால் முடியவில்லை' என்றார். இருவரையும் ஒருங்கே நம்புகின்றோம்.

இன்று கடன் மறைந்துவிட்டது என்றும் கூற இயலாது. அது பண்டத்தினின்று பிரிந்து நிற்கின்றது. தருமபுரி மாவட்டத்தில் 1989ஆம் ஆண்டில் தொடங்கிய மகளிர் குழு இயக்கம் தமிழகம் முழுதும் பரவிச் சேமிப்பையும் சிறுகடனையும் பெண்டிர் கைக்குக் கொணர்ந்தது, அது பெருநன்மை. அதன் பின்னே, வாரந்தோறும் தவணை தண்டும் நிதி நிறுவனங்களும் வந்தன. அவற்றிடம் ரொக்கமாகக் கடன் பெற்று அதனைப் பேரங்காடியில் கொடுத்துப் பொருள் வாங்கும் வீடுகள் உண்டு. குறியெதிர்ப்பையில் அரிசிக்கு அரிசி திரும்பியது. பற்றில் அரிசிக்குப் பணம் திரும்பியது, வட்டி விலையில் மறைந்திருந்தது. இப்புதிய கடனில் பணத்திற்குப் பணம், வட்டியோடும் நாள் குறித்தும் திரும்புகின்றது. காய்ச்சல் பற்றி வினவுவோர் இல்லை. ஆதலின் காய்ச்சலுக்காகத் தவணையைத் தள்ளுவோரும் இல்லை.

இவ்வரலாற்றிற்குச் சான்றாக எஞ்சியிருப்பவை பழைய பேரேடுகளே. கடை மூடியபின் அவை எடைக்கு எடை பழைய தாள் வாங்குவோரிடம் செல்கின்றன. முதுகலை மாணவர் சிலரேனும் தம் ஊர்க் கடைகளில் இவற்றைக் கேட்டுப் பெற்று, வாங்கியோர் பெயரை மறைத்துப் படியெடுத்து வைத்தல் வேண்டும். அவற்றில் பெரும்பாலும் பெயர் இராது; 'குழாயடி வீடு', 'தோட்டத்து அக்கா', 'தையல் கடை மாடி' என்ற குறிப்புகளே தலைப்பாக இருக்கும். அதன்கீழ்ப் பொருளும் தொகையும். தீர்ந்த கணக்கின்மீது மூலைக்கு மூலை ஒரு கோடு. யாம் கண்ட ஏடொன்றில் 2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்துப் பக்கங்கள் பன்னிரண்டு. அவற்றுள் நான்கில் அக்கோடு இன்னும் இழுக்கப்படவில்லை.